ஆமாம், எனக்கு ஜோக் புரியாதுதான்

அம்மா போன் எடுக்கத் தடுமாறுவதை யாரோ வீடியோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரித்ததைப் பற்றி நேற்று ராத்திரி நான் போட்ட நாலு வரியைப் பார்த்துவிட்டு "என்ன ஆச்சு, ஏன் இவ்வளவு கோபம்" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கும், "ஒரு வீடியோவுக்குப் போய் குரூப்பை விட்டு வெளியே போவாங்களா" என்று போன் போட்டுக் கேட்ட சொந்தங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வீடியோவை இங்கே போட மாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள், புண்ணியமாகப் போகும்.

புதன்கிழமை சதுர்த்தி. ஈரோட்டு வீட்டில் அம்மா கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். போன் அடிக்கிறது. கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டு, முந்தானையில் ஒரு விரலை மட்டும் துடைத்து, பச்சைப் பொத்தானை மேலே தள்ளுகிறாள். எடுக்கவில்லை. மறுபடி மேலே. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் எடுக்காத போனையே காதில் வைத்து "இருங்க, இருங்க, வந்துட்டேன்" என்கிறாள். மொத்தம் 22 நொடி. வீடியோ எடுத்தவன் சிரிக்கிற சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது. குடும்பக் குரூப்பில் 38 சிரிப்பு. பொழுது சாய்வதற்குள் அம்மா முகத்தை வெட்டி ஸ்டிக்கரும் ஆக்கிவிட்டார்கள். நம் குடும்பத்தில் இவ்வளவு வேகமாக ஒரு வேலை முடிந்து நான் பார்த்ததில்லை.

சரி, அம்மாவுக்குப் போன் எடுக்கத் தெரியாதா? ஆறு வருஷமாக எடுக்கிறாள். மேலே தள்ளினால் பேசலாம், கீழே தள்ளினால் கட். இதுதான் அவள் கற்றுக்கொண்டது. திரை மாறும் வரை அதுதான் சரி. 2025 ஆகஸ்டில்தான், கூகுள் போன் ஆப்பின் அப்டேட் ஒன்றால், பாதிப் பேர் போனில் கால் வருகிற திரையே மாறிப்போனது. யாரும் யாரையும் கேட்கவில்லை. தூங்கி எழுந்தால் வேறு போன் மாதிரி இருக்கிறது. "என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று இங்கேயே எத்தனை பேர் எழுதினீர்கள், மறந்துவிட்டதா? மேலே தள்ளுவது போய், வலது பக்கம் தள்ளினால் பேசலாம், இடது பக்கம் தள்ளினால் கட் என்று ஆகிவிட்டது. தினமும் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற நானே முதல் நாள் மேனேஜரின் காலைக் கட் பண்ணினேன். நான் தடுமாறினால் "அந்த அப்டேட் மோசம்". அம்மா தடுமாறினால் "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது". இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை.

மாறியது போன். அம்மா இல்லை.

இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? போன் ஆப்பைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போனால் இன்கமிங் கால் ஜெஸ்ச்சர் என்று இருக்கும். அதில் சிங்கிள் டேப் என்பதைத் தொட்டுவிட்டால் தள்ளவே வேண்டாம். பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் கட். ஒரு நிமிஷ வேலை. பழைய திரையேதான் வேண்டும் என்றால் அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் அப்டேட்டை நீக்கவும் வழி இருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர், ஆளுக்கொரு போன். ஒருத்தர்கூட அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. வீடியோ எடுக்க 22 நொடி இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் வீட்டில் உதவும். என் அம்மா முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஊசி குத்திக் குத்தி, இழையைப் பிடித்து இழுத்து, அவள் ஆட்காட்டி விரல் நுனி காய்ந்து காய்த்துப்போயிருக்கும். அந்த மாதிரி விரலைத் தொடுதிரை சில நேரம் விரல் என்றே எடுத்துக்கொள்ளாது. அதனால் அவள் அழுத்துவாள். அழுத்தினால் போன் அதை 'அழுத்திப் பிடித்தல்' என்று நினைத்து வேறு எதையோ திறக்கும், ஐகானை இடம் மாற்றும். "அம்மா எதை எதையோ அமுக்கி வச்சிருக்காங்க" என்று நாம் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இதுதான். அக்சஸிபிலிட்டி என்ற பகுதியில் டச் அண்ட் ஹோல்ட் டிலே என்று இருக்கும், அதை லாங் என்று மாற்றி வையுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று திரையில் ஒட்டிய தடிமனான கண்ணாடியையும் கழற்றிப் பாருங்கள். அம்மாவுக்கு நான் இரண்டையும் செய்தேன். அதற்கப்புறம் அவள் எதையும் 'அமுக்கி வைக்கவில்லை'.

இப்போது, "போன் வாங்கிக் கொடுத்ததே நாங்கதானே" என்பவர்களுக்கு. ஆமாம், நீங்கள்தான். 12,000 ரூபாய். இல்லையென்று யார் சொன்னது? பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, "அவ்வளவுதாம்மா" என்று கையில் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பியதும் நீங்கள்தான்.

"பாசத்துல எடுத்தது" என்கிறீர்கள். பாசம் கேமராவுக்குப் பின்னால் நின்று சிரிக்காது. விடுங்கள்.

"அவங்களும் கத்துக்கணும்ல" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அவளிடம் ஒரு அளவு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து தெருவில் இருக்கிற எல்லாப் பெண்களின் ரவிக்கை அளவு. உயரம் 14, மார்பு 36, கை 5 என்று. அதையே திருப்பிப் பின்பக்கத்திலிருந்து போன். கால் எடுக்கிற இடத்தில் ஒரு வட்டம் வரைந்து அம்புக்குறி போட்டிருப்பாள். 2024இல் வாட்ஸ்அப்பில் திடீரென்று மெட்டா ஏஐயின் நீல வளையம் ஒன்று வந்ததே, அதையும் வரைந்து பக்கத்தில் "வளையல். தொட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாள். "பணம் வாங்க நம்பர் போட வேண்டாம், கொடுக்கத்தான் போடணும்" என்று யுபிஐ பின்னைப் பற்றி ஒரு வரி, சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு. சொன்னது நான், கோடு போட்டது அவள். கற்றுக்கொள்ளாதவள் செய்கிற வேலையா இது? அந்த நோட்டில் அம்புக்குறி மேலே பார்க்கிறது. அவள் சரியாகத்தான் எழுதினாள். மாறியது போன்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. போன வருஷம் அம்மா ஒரு போட்டோ அனுப்பத் தெரியாமல் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, "எத்தனை தடவைம்மா சொல்றது" என்று கத்தியிருக்கிறேன். ஆபீஸ் நடைபாதையில் நின்றுகொண்டு. "சரி கண்ணு, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். நான்கூட அம்மா தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கிறாளாம், ஒவ்வொரு தடவையும் இரண்டு முறுக்கு கொடுத்து. அவனே சொன்னான், போன பொங்கலுக்கு. முறுக்கு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இருக்கிற பொறுமை மாதம் சம்பளம் வாங்குகிற எனக்கு இல்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணி நேற்று "வயசானவங்க கையில போன் இருந்தா ஆபத்து, என்னைக்காவது பணத்தை விட்டுடுவாங்க" என்று எழுதினார் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் இதுவரை போனில் பணத்தை விட்டது ஒரே ஒரு ஆள். எம்பிஏ படித்தவர். "இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வந்த மெசேஜை நம்பி, அதிலிருந்த நம்பருக்குப் போன் பண்ணி, அவர்கள் சொன்ன ஆப்பைப் போட்டு, 18,000. ராத்திரி பதினொரு மணிக்கு சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தது நான். அந்த மாதிரி ஏமாந்தால் 1930க்குத்தான் உடனே கூப்பிட வேண்டும், தாமதிக்கக் கூடாது, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் அதே மெசேஜ் வந்தது. அவள் என்ன செய்தாள்? செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஈபி ஆபீஸுக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பாக்கி எதுவும் இல்லை என்றார்கள். வருகிற வழியில் கீரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அண்ணன் பணம் போன விஷயம் தெரிந்ததும் அம்மா எனக்குச் சொன்னது ஒன்றுதான். "யாருகிட்டயும் சொல்லிராத. அவனுக்கு வெக்கமா இருக்கும்." ஒன்றரை வருஷம் காப்பாற்றினேன். அன்றைக்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை, ஸ்டிக்கர் போடவில்லை. போடவும் கூடாது. நான் கேட்பது அதே மரியாதையைத்தான்.

தெரியும், இப்போது இதற்கும் ஒரு பஞ்சாயத்து வரும். "குடும்ப விஷயத்தை வெளியே போட்டுட்டா." அம்மா முகத்தை ஸ்டிக்கராக்கியபோது அது குடும்ப விஷயமாகத் தெரியவில்லையா?

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எல்லாரும் நினைக்கிற மாதிரி வீடியோவைப் பார்த்ததும் நான் குரூப்பை விட்டு வெளியே வரவில்லை. சிரிப்பு பொம்மைகளுக்கெல்லாம் கீழே, ராத்திரி எட்டு மணிக்கு, அம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மைக்கை அழுத்திப் பிடித்துப் பேச அவளுக்குத் தெரியும், அதுவும் நோட்டில் இருக்கிறது. "யாரு கண்ணு எடுத்தது, நல்லா விழுந்திருக்குது. கொழுக்கட்டை இன்னும் இருக்குது, வந்து வாங்கிட்டுப் போங்க."

அதற்கும் ஆறு பேர் சிரித்திருந்தார்கள். அப்போதுதான் வெளியே வந்தேன்.