ரெட் என்றால் சைலன்ட் என்று எவன் சொன்னது?

மெக்கானிக்கல் கீபோர்ட் விற்கிறவர்களே, விற்கிற சாமானைப் பற்றி ஒரு வரியாவது வாசிக்க மாட்டீர்களா? "சைலன்ட் ரெட், லோ புரொஃபைல்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் சத்தம் போடாத, உயரம் குறைந்த சிவப்புச் சுவிட்ச். காசை வாங்குகிறார்கள். கொழும்பிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தால் உள்ளே இருப்பது சாதாரண ரெட்! ஒரு சுவிட்சைப் பிடுங்கி, ஊசியால் மூடியை நெம்பித் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, இரண்டு செப்புத் தகடு. சத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் பொட்டு ஒன்றுகூட இல்லை.

கடைக்கு அடித்தேன். எடுத்தவர் நல்ல மரியாதையான பொடியன்தான்.

"அக்கா, ரெட் எண்டாலே சைலன்ட் தானே."

"தம்பி, ரெட் எண்டால் லீனியர், தடக்காமல் நேரே இறங்கிறது. சைலன்ட் வேற. உள்ளுக்க ரப்பர் இருக்க வேணும்."

"ரப்பர் கீபோர்டா அக்கா? அது எங்களிட்ட வேற இருக்கு. விலையும் குறைவு."

"ரப்பர் கீபோர்ட் இல்லை தம்பி, சுவிட்சுக்குள்ள ரப்பர்."

"அப்ப சுவிட்ச் பழுதா அக்கா?"

"பழுதில்லை. சத்தம் போடுது."

"சத்தம் வந்தால் வேலை செய்யுதுதானே அக்கா?"

இந்த இடத்தில் நான் மூச்சை ஒருதரம் இழுத்து விட்டேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்துவிட்டு, ஃபோன் மைக் சத்தத்தைக் கூட்டிக் காட்டுதாம். சரி, நேரில் கேட்கிறேன்தானே நான், என் காதும் கூட்டிக் காட்டுதா? "சேர் கதைப்பார்" என்று கொடுத்தார். சேர் வந்தார். முதல் வசனமே இதுதான்: "மேடம், சவுண்ட் இல்லாட்டில் மெக்கானிக்கல் எடுத்து என்ன பிரயோசனம்?" இரண்டாவது வசனம்: "கொஞ்சம் மெதுவா ரைப் பண்ணிப் பாருங்கோ." மூன்றாவது, சத்தம் வாரண்டியில் வராதாம். சத்தமில்லை என்று எழுதி விற்ற பொருளுக்குச் சத்தம் வாரண்டியில் வராவிட்டால் பிறகு எதுதான் வரும்?

சேர், நீங்கள் இதை வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். விசையிலிருந்து சத்தம் வருவது முக்கியமாக மூன்று இடத்தில். ஒன்று, கிளிக் அடிப்பதற்கென்றே வைத்த பாகம். அது புளூ மாதிரியான சுவிட்சில்தான் இருக்கும். இரண்டாவது, தண்டு போய் அடியில் முட்டும் 'டொக்'. மூன்றாவது, விரலை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ள அது மேலே போய் மூடியில் முட்டும் இன்னொரு 'டொக்'. ரெட்டில் முதலாவது மட்டும்தான் இல்லை. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. அந்த இரண்டையும் அடக்குவதற்குத்தான் சைலன்ட் சுவிட்சின் தண்டில் மேலும் கீழும் மெத்தென்ற ரப்பர் வைக்கிறார்கள். விசை மூடிக்கு அடியில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போடச் சொல்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அது கீழே போகும் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும், மேலே வரும் சத்தத்தைத் தொடாது. இந்தக் குட்டைச் சுவிட்சில் அதற்கு இடமும் இல்லை.

நிறத்தை நம்பினால் இன்னும் மோசம். கைல் கம்பனியின் குட்டைச் சுவிட்சான சொக்கில் வெள்ளை என்றால் கிளிக் அடிக்கும். கேற்றரோன் கம்பனியில் வெள்ளை என்றால் வழுக்கிக்கொண்டு போகும் மெல்லிய லீனியர். ஒரே நிறம், நேர் எதிரான இரண்டு சாமான். இதில் "ரெட் எண்டாலே சைலன்ட்" என்று பெயருக்கு ஒரு விதி செய்து வைத்திருக்கிறார்கள்.

குறைந்த தூரம் அழுத்துகிற சுவிட்ச் என்றால் சத்தமும் குறையும் என்று ஒரு நம்பிக்கை வேறு. உண்மை மறுபக்கம். செரி கம்பனியின் சாதாரண எம்எக்ஸ் ரெட் முழுதாக 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. போனதும் எழுத்து விழும். சொக் 3 மி.மீ., பாதியில் விழும். எழுத்து விழுந்த பிறகு விரலை நிறுத்த எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். எம்எக்ஸில் 2 மி.மீ., சொக்கில் ஒன்றரை மி.மீ. தான். வேகமாக அடிக்கிற கை அதற்குள் நிற்குமா? நேரே போய்த் தளத்தில் முட்டும். ஆகவே குட்டைச் சுவிட்சுக்குத்தான் ரப்பர் கூடுதலாகத் தேவை. அந்த ரப்பரும் இடம் பிடிக்கும்: பெரிய செரியிலேயே சைலன்ட் ரெட் 4க்குப் பதிலாக 3.7 மி.மீ. தான் இறங்கும். குட்டையானதில் அதை அடக்குவது கஷ்டமான வேலை. கஷ்டமான வேலையைச் செய்த சுவிட்சுகள் இருக்கவே இருக்கின்றன. கைலின் டீப் சீ சைலன்ட் லோ புரொஃபைலிலும் வருகிறது. நான் அதைத்தான் கேட்டேன். அதற்கான விலையைத்தான் கொடுத்தேன்.

சுவிட்சை மட்டும் வாங்கி மாற்றலாமே என்பீர்கள். எதை எதில் மாற்றுவது? சொக் பழைய வகையின் தண்டு ஒரு மாதிரி, புதிய வகை வேறு மாதிரி, கேற்றரோன் லோ புரொஃபைலின் கால்கள் அதற்கும் வேறு. ஒன்றுக்கென்று செய்த பலகையில் மற்றது இறங்கும் என்று நம்ப முடியாது. "எல்லாம் மாறும் அக்கா" என்கிற வாயை என்ன செய்வது?

எனக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை. கனடாவில் பகல் என்றால் எனக்கு இரவு, அங்கிருந்து ரைப் பண்ணுகிற வேலை அப்போதுதான் வரும். வீட்டுத்திட்ட வீடு. அறைச்சுவர் கூரை வரை போகாது, சத்தம் சுவருக்கு மேலால் அடுத்த அறைக்குள் இறங்கும். அங்கே அம்மாவும் சின்னவளும் படுத்திருக்கிறார்கள். பாமினி என்கிற தமிழ் விசை முறையில் 'கொ' என்ற ஒரு எழுத்துக்கு மூன்று விசை அடிக்க வேணும். வெளியே தவளை கத்தினாலும் சின்னவள் எழும்புவதில்லை. இந்த 'டொக் டொக்'குக்கு எழும்பி உட்கார்ந்து அழுகிறாள். அவளை நித்திரையாக்கி விட்டு வந்து மிச்சத்தை ஃபோனில் ஒற்றை விரலால் அடித்து அனுப்புகிறேன். மெதுவாக ரைப் பண்ணட்டாம்!

கடைசியில் திருப்பி எடுக்கிறோம் என்றார்கள், ஆனால் கூரியர் செலவு என்னுடையது. கூரியர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. வீட்டு வாசலுக்கு என்று காசு கட்டியிருக்கிறேன், விலாசத்தில் ஒட்டுசுட்டான் என்று தெளிவாக இருக்கிறது, "அக்கா, மாங்குளம் சந்திக்கு வந்து எடுங்கோ, இந்தப் பக்கம் இண்டைக்கு வாகனம் இல்லை" என்று கூரியர்காரன் ஃபோன் அடிக்கிறான். முல்லைத்தீவுக்குப் போகிற பெரிய ரோட்டில் இருக்கிற ஊருக்கு வாகனம் இல்லையாம். ஓட்டோ பிடித்துப் போய் எடுத்தேன். வந்துபோன அந்த ஓட்டோக் காசை யார் தருவது, அதைச் சொல்லுங்கோ முதல்.