வெள்ளைக்காரி எழுதினால்தான் வலிக்குமா?

பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்காமலே அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், பேச்சில் ‘லூப்’) வைத்ததைப் பற்றி, ஒரு அமெரிக்க ஆய்வாளரின் நூலை வைத்து முந்தாநாள் ஒரு பதிவு போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள். அதைத் திரும்பக் கிளற விருப்பமில்லை. ஆனால் ஒரு தம்பி எழுதிய வரி தூங்க விடவில்லை: “அக்கா, வெள்ளைக்காரி எழுதினாத்தான் உங்களுக்கு வலிக்குமா?”

சரி தம்பி. மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் அமெரிக்கர்தான். 1995இல் சென்னைக்கு வந்து, பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களிடம் உட்கார்ந்து கதை கேட்டவர். அரசு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த கையோடு, பெண்களிடம் கேட்காமலே காப்பர்-டி வைக்கப்பட்டதை 2003இல் வந்த தன் நூலில் எழுதினார். சீக்கிரம் பிரசவமாக வலி ஊசியை விரும்பிப் போட்டுக்கொண்ட பெண்களும் அதே நூலில் வருகிறார்கள். அவர்கள் மருத்துவத்துக்கு எதிரிகளா? ஊசியைக் கேட்டார்கள், லூப்பைக் கேட்கவில்லை. நான் சொல்வதும் இதை மட்டும்தான். கேட்டிருக்க வேண்டும்.

“முன்னோடி மாநிலத்தின் பேரைக் கெடுக்கிறீர்கள்” என்கிறார் இன்னொருவர். முன்னோடி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? என் பெரியவள் பிழைத்ததே அரசு மருத்துவமனை டாக்டரம்மா புண்ணியத்தில். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கை தானாகக் கும்பிடும்.

இரண்டாவது பிரசவமும் அங்கேதான். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் அடிவயிற்று வலி, நிற்காத உதிரப்போக்கு. “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்றார் மாமியார். கடைசியில் வெளியே ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், “லூப் வச்சிருக்கே, தெரியாதா?” என்றார். எம்.ஏ. படித்தவள் நான். எனக்குத் தெரியாது. திரும்பப் போய்க் கேட்டால், “வீட்டுக்காரர்கிட்ட சொன்னோமே!”

“நாலு பேரிடம் பேசிவிட்டு எழுதுவதெல்லாம் ஆய்வா, புள்ளிவிவரம் எங்கே?” என்கிறீர்களே, அந்த மாதப் புள்ளிவிவரத்தில் நானும் இருந்திருப்பேன், காப்பர்-டி ஏற்றுக்கொண்டவர்களில் ஒருத்தியாக! நான் ஏற்றுக்கொண்டேனா என்பது யாராவது என்னிடம் வந்து கேட்டால்தானே தெரியும்?

மக்கள்தொகையைக் குறைக்க வேண்டாமா என்ற மேதைக்கு: குறைப்போம் ஐயா. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டுங்கள். தமிழ்நாட்டில் 15–49 வயதுத் திருமணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.1. உங்கள் வீட்டில் யார் செய்துகொண்டது?

இதே வான் ஹாலனின் 2013 நூல் எச்.ஐ.வி. பற்றியது. கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்குத்தான் முதலில் தெரியவரும். கணவனிடமிருந்து வந்ததாக இருந்தாலும் பழி முதலில் அவள் தலையில் விழும். பரிசோதனைக்கு நாங்கள், கத்திக்கு நாங்கள், சம்மதம் கேட்க மட்டும் வீட்டுக்காரர்.

என் வீட்டுக்காரரிடம் உண்மையிலேயே சொன்னார்களா என்று அன்றைக்கே அவரைக் கேட்டேன். “ஏதோ சொன்னாங்க, கவனிக்கலை” என்றார். பதினெட்டு வருஷம் ஆகிறது. முந்தாநாள் பதிவுக்கு அவரும் லைக் போட்டிருக்கிறார்.