மாட்டுக் கொட்டகையில் தொங்கிய எலும்புப் பை

கொரோனா காலத்தில் மருத்துவ மாணவர்கள் ஆன்லைனிலேயே பாடத்தை முடித்துவிட்டார்கள், பெரிய இழப்பில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாடம் முடிந்தது சரி, படிப்பு?

என் மகள் 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள். 2020 மார்ச்சில் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னதும், அனாடமி (உடற்கூறியல்) பாடத்துக்கான மனித எலும்புகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். என் அம்மா அந்தப் பையை வாசப்படி தாண்ட விடவில்லை. மாதக்கணக்கில் மாட்டுக் கொட்டகையில்தான் தொங்கியது.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. புளியமரத்தடியில் கட்டிலைப் போட்டு, இறந்தவர் உடலில் கையால் தொட்டு நரம்பு எது, ரத்தக்குழாய் எது என்று பிரித்துப் பழக வேண்டியதை போன் திரையில் பார்த்தாள். பாதியில் டேட்டா தீர்ந்துவிடும்.

அதைவிடக் கஷ்டம், ஊரே 'டாக்டரம்மா' என்று வந்து நின்றது. மூச்சு வாங்குதே, என்ன பண்ணட்டும் என்று கேட்டால் முதலாண்டுப் பிள்ளை என்ன சொல்லும்? ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். 2021 மே மாதம் இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்குப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு சொன்னபோது, "அடுத்து நாங்கதாம்பா" என்றாள். பயமா ஆசையா என்று எனக்குப் புரியவில்லை.

தருமபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022-ல் வந்துவிட்டது. இனி இப்படி ஒரு காலம் வந்தால், ஊர் திரும்பும் பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரியிலேயே செய்முறை வகுப்புக்குச் சேர்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்யக் கூடாதா?