நிக்கலோசி போய்விட்டார், அவர் சொன்ன கதை போகவில்லை

தன்பாலீர்ப்பை, அதாவது ஒரே பாலினத்தவர் மேல் வரும் ஈர்ப்பை, சிகிச்சையால் மாற்றிவிடலாம் என்று சொல்லிவந்த அமெரிக்க உளவியலாளர் ஜோசப் நிக்கலோசி 2017 மார்ச்சில் ஃப்ளூ காய்ச்சல் முற்றி இறந்தார். வயது 70. இத்தனை வருடம் கழித்து அவரைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், அவர் பெற்றோர்களிடம் சொன்ன அதே கதையை நம் ஊரிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு அப்பா அம்மாவிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நிக்கலோசி நியூயார்க்கில் பிறந்தவர். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கத்தோலிக்கர். லாஸ் ஏஞ்சலிஸின் என்சினோ பகுதியில், கத்தோலிக்கப் புனிதர் தாமஸ் அக்வினாஸ் பெயரில் ஒரு கிளினிக் நடத்தினார். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைப் பேச்சு சிகிச்சையால் மாற்றிவிடலாம் என்று கடைசி வரை சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதை ஏற்காத மனநல மருத்துவர்கள் சார்லஸ் சோகரைடிஸ், பெஞ்சமின் காஃப்மன் ஆகியோரோடு சேர்ந்து 1992ல் நிக்கலோசி, இந்த சிகிச்சையை ஆதரிக்கும் 'நார்த்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த சோகரைடிஸின் சொந்த மகன் ரிச்சர்ட், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு கிளின்டனின் வெள்ளை மாளிகையில் ஆலோசகராக வேலை பார்த்தவர். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. ஒரு அப்பா தன் பிள்ளையின் இயல்பையே நோய் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு எப்படி வாழ்ந்திருப்பார்?

நிக்கலோசியின் கோட்பாடு இதுதான். அப்பா பிள்ளையோடு ஒட்டாமல் இருக்கிறார், அம்மா அளவுக்கு மீறி ஒட்டுகிறார். அதனால் பையனுக்கு ஆண்களோடு சேர வேண்டிய உறவு கிடைப்பதில்லை, அந்த ஏக்கம்தான் ஈர்ப்பாக மாறுகிறது. ஆகவே அப்பாவோடு நெருங்கு, ஆண் நண்பர்களைச் சேர்த்துக்கொள், விளையாடப் போ.

கேட்பதற்குப் பாதகமில்லாத அறிவுரை போல இருக்கும். ஆனால் இது ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா 'நான்தான் கெடுத்தேனா' என்று அழுகிறாள். அப்பாவுக்கு அவமானம். பையனோ தன் பெற்றோரின் வளர்ப்புத் தவறுக்கு நடமாடும் சாட்சியாகிவிடுகிறான். முதலில் பெற்றோரைக் குற்றவாளி ஆக்குவது, அப்புறம் அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக சிகிச்சையை விற்பது. என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான வாடிக்கையாளர்கள் பயந்துபோன பெற்றோர்கள்தான்.

ரயன் கெண்டால் என்பவரின் சாட்சியம் இதற்கு ஆதாரம். தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்த கலிபோர்னியாவின் 'எட்டாவது முன்மொழிவு' வழக்கில், 2010 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொன்னவர் அவர். கொலராடோ ஸ்பிரிங்ஸ் பையன். 13 வயதில் அவர் டைரியைப் பெற்றோர் படித்துவிட்டார்கள். 14 வயதில் நிக்கலோசியிடம் அனுப்பினார்கள். பெரும்பாலும் போனில்தான் சிகிச்சை. ஒருமுறை என்சினோவுக்கு நேரில் போனபோது, சிகிச்சையால் மாறியவர் என்று ஒருவரைக் காட்டியிருக்கிறார் நிக்கலோசி. டாக்டர் அறையை விட்டு வெளியே போனதும் அந்த ஆள் பையனிடம், இன்று ராத்திரி தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஒரு பாருக்குப் போகிறேன், குடும்பத்துக்காகத்தான் மாறிவிட்டதாக நடிக்கிறேன் என்றாராம். சிகிச்சையின் வெற்றிக்குக் காட்டப்பட்ட மனிதரே அப்படித்தான் இருந்திருக்கிறார். கெண்டால் 16 வயதில், வீட்டில் இருந்தால் உயிர் பிழைக்க மாட்டேன் என்று தானே அரசின் குழந்தைகள் நலத் துறையிடம் போய் நின்று பெற்றோரை விட்டுப் பிரிந்தார். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்தப் பெற்றோர் டாக்டரைத் தேடினார்கள். பிள்ளையையே இழந்தார்கள்.

விருப்பப்பட்டு வருகிறவருக்கு உதவக் கூடாதா என்று நிக்கலோசியின் ஆதரவாளர்கள் கேட்பார்கள். அப்பா அம்மாவின் அன்பே பணயமாக வைக்கப்பட்ட 14 வயதுப் பையனுக்கு என்ன விருப்பம் இருக்க முடியும்? வளர்ந்தவர்கள் தாங்களாகப் போனாலும், 'முடியும்' என்று பட்டம் வாங்கிய ஒருவர் சொல்லும்போது, மாறாவிட்டால் 'நான் சரியாக முயலவில்லை' என்று தன்னையேதான் நொந்துகொள்வார்கள். தற்கொலை எண்ணம் வரை போனவர்கள் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் ஆய்வு. 1973ல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க முன்னின்று உழைத்தவரே, 200 பேரிடம் தொலைபேசியில் பேட்டி எடுத்து, சிலர் மாறியிருக்கிறார்கள் என்று 2003ல் எழுதினார். அந்த 200 பேரில் பெரும்பாலோரை அனுப்பியது மதக் குழுக்களும் நார்த் சிகிச்சையாளர்களும். அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க வழியே இல்லை. 2012ல், 80 வயதை நெருங்கும்போது, உடல் தளர்ந்த நிலையில், ஸ்பிட்சர் தன் முடிவு தவறு என்று எழுதி தன்பாலீர்ப்புச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நிக்கலோசி அப்படி எதையும் செய்யவில்லை. 2009ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, இந்த சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை, தீங்குதான் நேரலாம் என்று அறிக்கை கொடுத்தது. 2012ல் கலிபோர்னியா 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதைத் தடைசெய்தது. எதற்கும் அவர் அசரவில்லை. 2019ல் அமேசான் அவர் புத்தகங்களை விற்பனையிலிருந்து எடுத்தது. அவர் மகன், அதே பெயர் கொண்ட உளவியலாளர், இன்னொரு பெயரில் ஒரு சிகிச்சை முறையை நடத்துகிறார்.

இங்கே நிலைமை என்ன? ஒருவரை ஒருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு இளம்பெண்களின் பெற்றோர், பெண்களைக் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்பு கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுவிட்டு, 2021 ஜூனில் இந்த மாதிரி சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், கன்வெர்ஷன் தெரபி என்ற இந்த மாற்றும் சிகிச்சையைச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது.

அந்த ஆணையத்தின் பிடி டாக்டர்கள் மேல்தான். 'கவுன்சிலிங்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர்கள், ஜெபத்தாலோ யோகாவாலோ பரிகார பூஜையாலோ சரியாகும் என்பவர்கள் எல்லாம் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். உங்கள் பிள்ளையை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எழுந்து வெளியே வந்துவிடுங்கள். சொன்னவர் டாக்டராக இருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுங்கள். பிள்ளையைக் கூடவே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.