அந்த க்ரீம் பருவை ஆத்தலைங்க

'7 நாள்ல முகம் பளிச்'னு பருவுக்கு ஒரு க்ரீமைப் பூசச் சொல்ற வீடியோவை நேத்துல இருந்து ஆளாளுக்கு அனுப்பறீங்க. பார்த்தேன். அந்த க்ரீம் ட்யூப்ல குளோபெட்டசால்ங்கற ஸ்டீராய்டு 0.05 சதவீதம்னு அச்சடிச்சிருக்கு. அது பருவுக்கு மருந்தே இல்லைங்க.

சாதாரணப் பருவுல முதல்ல வர்றது அடைப்பு. மயிர்க்கால் குழாய்க்குள்ள செல்கள் உதிராம ஒட்டிக்கும், எண்ணெய்ப்பசை தேங்கும், கிருமி பெருகும், கடைசியில சுவர் உடைஞ்சு சீழ். அதனாலதான் ஒரே முகத்துல கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி, தழும்புன்னு எல்லாம் கலந்து கிடக்கும்.

ஸ்டீராய்டு பூசறதால வர்ற பருவுல இந்த வரிசையே தலைகீழ். மைக்ராஸ்கோப்புல பாருங்க: அடைப்பு வர்றதுக்கு முன்னாடியே குழாய்ச் சுவர்ல ஓரிடத்துல செல்கள் செத்து உடைஞ்சிருக்கும். உள்ளயும் சுத்தியும் நியூட்ரோபில்கள்ங்கற வெள்ளை அணுக்கள் மொய்ச்சுக் கிடக்கும். கரும்புள்ளி வந்தாலும் பிந்தித்தான். வெளியே ராகியைத் தூவின மாதிரி எல்லாம் ஒரே அளவு. முதல்ல உடையறது சுவர். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

'பூசினதும் சிவப்பு அடங்குச்சே'ங்கறீங்க. ரத்தக்குழாய் சுருங்கறதால அடங்குது. உள்ளே சுவர் உடையறது நிக்கல. க்ரீமை விட்டா ரத்தக்குழாய் விரிஞ்சு முகம் எரியும், இன்னும் பொங்கும். "ஏனுங்க, விட்டாத்தானே அதிகமாகுது, அப்ப க்ரீம் நல்லதுதானுங்களே?"ன்னு கேக்கற அம்மாக்கள் மேல எனக்குக் கோபமே இல்லை.

'டாக்டருங்களும் ஸ்டீராய்டு எழுதறீங்களே?' எழுதறோம். கைகால் கரப்பானுக்கு, நாள் கணக்கு வச்சு. முகத்துத் தோல் மெல்லிசு, மருந்தை அதிகமா உறிஞ்சும்.

'பனியன் கம்பெனிக்குப் போற புள்ளை ஒருநாள் கூலியை விட்டுட்டு திருப்பூர்ல டாக்டரைத் தேடி அலையணுமா?' இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. அந்தப் புள்ளைக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். பொறாமையில பேசறேன்னு ஒரு கமெண்ட், மனசு வலிக்குது. மேல்பூச்சு ஸ்டீராய்டைச் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே அரசு சொல்லியாச்சு. இன்னும் கவுண்ட்டர்ல பேரைச் சொன்னாலே எடுத்து நீட்டறாங்க. சிவப்பாகணும்னு அந்தப் புள்ளையை ஏங்க வச்சது யாரு? அவ கறுப்புல என்ன குறை கண்டீங்க?

லேசான சாதாரணப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் இருக்கு. ராத்திரி மெல்லிசா, ஆரம்பத்துல ஒருநாள் விட்டு ஒருநாள். தலையணை உறை வெளுக்கும், பழசா விரிச்சுக்கோங்க. பலன் தெரிய 8 வாரமாவது ஆகும்.

வீட்டு ட்யூபைத் திருப்பிப் பாருங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன்னு இருந்தா பருவுக்குப் பூசாதீங்க. மாசக்கணக்கா பூசியிருந்தா ட்யூபோட தோல் டாக்டர்கிட்டப் போய், எப்படி நிறுத்தறதுன்னு கேளுங்க. நிறுத்தினதும் கொஞ்ச வாரம் பொங்கும். பயந்துக்கிட்டு மறுபடி அதையே எடுத்துப் பூசிராதீங்க.