நன்றி: இணையம்

யாருங்க அந்த ‘இணையம்’? எனக்கு அவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து, தண்ணீர்க்கரையில் கொசுக்கடி பட்டுக்கொண்டு, ஒரு மீன்கொத்தி தலைகுப்புறப் பாயும் அந்த நொடிக்காகக் காத்திருந்து எடுத்த படம். அதை ஒரு கட்டுரையின் உச்சியில் பெரிதாகப் போட்டு, கீழே ‘நன்றி: இணையம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் படம் எடுத்த இடத்தில் இணையம் வரவே இல்லை. சிக்னல்கூடக் கிடையாது.

படத்தை நான் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் நானேதான் ஏற்றினேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், சிசி பை-எஸ்ஏ 4.0. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், நிறம் மாற்றலாம், விற்கிற புத்தகத்தில்கூட அச்சிடலாம். காசு வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம். பதிலுக்கு என் பெயர், படம் இருக்கும் பக்கத்துக்கு இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், மாற்றியிருந்தால் ‘மாற்றப்பட்டது’ என்று ஒரு சொல். மாற்றியதை வெளியிட்டால் அதற்கும் அதே உரிமம். அவ்வளவுதான். ஒரு வரி! அந்த வரியை எழுதக் கை வலிக்கிறதாம். ஆனால் பறவையின் அலகு மேலேயே தங்கள் லோகோவைக் குத்தக் கை வலிக்கவில்லை. பக்கத்தின் அடியில் ‘எங்கள் படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது’ என்று எச்சரிக்கை வேறு. எங்கள் படங்களாம்!

எழுதிக் கேட்டேன். ‘ஃப்ரீ படம்தானே சார்’ என்று பதில். ஃப்ரீ என்றால் அநாதை என்று அர்த்தமா? பெயரே வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவர்களுக்குத் தனியாக சிசி ஜீரோ இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தால் அதைத் தேர்ந்திருப்பேனே. நிபந்தனையை மீறினால் உரிமமே தானாக ரத்தாகிவிடும். மீறல் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும் என்று 4.0 பதிப்பில் சலுகையும் உண்டு. இதையெல்லாம் பொறுமையாக எழுதி அனுப்பினேன்.

எழுத்தை எடுப்பவர்கள் இன்னும் மோசம். விக்கிப்பீடியா கட்டுரையை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து தன் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். சரி, திருடுவதையாவது ஒழுங்காகத் திருடக் கூடாதா? ஒவ்வொரு உபதலைப்பின் வாலிலும், விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திருத்த அழுத்தும் ‘தொகு’ என்ற சொல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், நடுநடுவே மேற்கோள் எண்கள் வேறு. விக்கிப்பீடியா 2009 முதல் இதே வகை உரிமத்தில்தான் இருக்கிறது. எத்தனையோ பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு எல்லார் பெயரையும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு ஒரு இணைப்பும் உரிமத்தின் பெயரும் கொடுத்து, மாற்றியிருந்தால் அதைச் சொன்னால் போதும். அதற்கும் மனசு வராது. ‘படித்ததில் பிடித்தது’ என்பார்கள். எங்கே படித்தாய் என்று சொல்லித் தொலையேன்!

நேற்று மாலை பதில் வந்தது. தவறுக்கு வருந்துகிறார்களாம், திருத்திவிட்டார்களாம். ஆவலோடு போய்ப் பார்த்தேன். லோகோ அலகிலேயே உட்கார்ந்திருக்கிறது. கீழே புதிதாக எழுதியிருக்கிறார்கள்:

‘நன்றி: கூகுள்.’