பேசும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்தால் வகுப்பில் சத்தம் கூடுமே தவிர ஆங்கிலப் பேச்சு வளராது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தும் என்னால் ஏற்க இயலவில்லை. 40 பேர் உள்ள வகுப்பில், 40 நிமிடப் பாடவேளை முழுவதும் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். இருவர் இருவராகப் பேசச் சொன்னால் பத்தே நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைத்துவிடுகிறது. அந்தச் சத்தத்தைத்தான் நான் விரும்புகிறேன்.

ஆனால் பெஞ்சைத் திருப்பிப் போடுவது மட்டும் கூட்டுக் கற்றல் ஆகாது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரான்சன் உருவாக்கிய ஜிக்சா முறையில், பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் குழுவில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும்; அவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்கு அது கிடைக்காது. நானும் கதையை நான்கு துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறேன். ஜூன் மாதம் முழுவதும் தலைகுனிந்தே இருந்த ஒரு மாணவி, தன் துண்டுக்காக மூவர் காத்திருப்பதைக் கண்டு, "ஹி கோ... ஹி வென்ட் டு தி ரிவர்" என்று தானே திருத்திக்கொண்டு சொன்னாள், பக்கத்திலிருந்தவள் சிரிக்கவில்லை, "தென்?" என்று கேட்டாள். நன்றாகப் பேசும் ஒருவரே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும் ஆபத்து உண்மையானதுதான். அதனால் இறுதியில் குழுவின் சார்பில் யார் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்கிறேன்.